பிறந்த வீட்டுக் கோடி

குளிப்பாட்டி முடித்த பெண்கள், மறைப்புக்குப் பிடித்திருந்த சேலையை இறக்காமலே பிறந்த வீட்டுக் கோடியைக் கேட்டார்கள். பறைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அதை நிறுத்தச் சொல்லி மறுபடியும் கேட்டார்கள். அரியமுத்துவுக்கு இரண்டு தடவையும் கேட்டது. பந்தல் காலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. மடியில் மஞ்சள் பை இருந்தது. பைக்குள் அரக்குச் சேலை. திருமழபாடியிலிருந்து வரும் வழியில், அரியலூரில் பஸ் மாறும்போது எடுத்தது. தங்கைக்குப் பிடித்த நிறம் அரக்கு என்று கடைக்காரரிடம் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் கையை மட்டும் காட்டி எடுத்து வந்திருந்தான்.

அவன் மனைவி மலர்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க. ஈரத்தோட கெடக்குறா."

"கொஞ்ச நேரம் கெடக்கட்டும். ஒரு விசயம் தெரியாம நான் கோடி போட மாட்டேன்."

மலர்கொடிக்கு அது எந்த விஷயம் என்று தெரியும். அதை முதலில் காதில் வாங்கியவளே அவள்தான். அதனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

வாழப்போன பெண் இறந்தால், பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் அந்தப் பக்கத்தில் பாடையைத் தூக்க மாட்டார்கள். பெண்ணைக் கொடுத்துவிட்டுக் காலமெல்லாம் கையைக் கட்டி நிற்கிற பிறந்த வீட்டுக்காரனுக்கு ஊர் விட்டுவைத்திருக்கிற ஒரே பிடி அது. அடித்ததைக் கேட்பவன் அப்போது கேட்பான். பட்டினி போட்டதைக் கேட்பவனும் அப்போதுதான் கேட்பான். அரியமுத்து கேட்க வந்திருந்தது இதுவரை எந்தப் பந்தலிலும் யாரும் கேட்காத ஒன்று.

அவன் பார்வை நல்லதம்பியை விட்டு நகரவில்லை. தங்கை சிந்தாமணியின் புருஷன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். வாசல் படியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பொண்டாட்டியை இழந்தவன் அழ வேண்டாமா? அழவில்லை. வருகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிறான். சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இறக்கி விட்டிருக்கிறான், பங்குனி வெயிலில். எதை மறைக்கிறான்? அரியமுத்துவுக்கு எதைப் பார்த்தாலும் அங்கேதான் போய் முட்டியது. சந்தேகம் வந்தவன் கண்ணுக்கு எதிராளி தும்முவதுகூட சாட்சி.

மூன்று வருஷமாக அப்படித்தான். சிந்தாமணி இரண்டாவது தடவை உண்டானபோது அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். முதல் கரு தங்கவில்லை, இதையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று மலர்கொடிதான் அவளை அரியலூருக்கு அழைத்துப் போனாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தத்தை ஒரு லேபில் எடுத்தார்கள். மறுநாள் போனபோது நர்ஸம்மா மலர்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, கெட்ட வழக்கத்தால் வருகிற வியாதி ஒன்று ரத்தத்தில் காட்டுகிறது, புருஷனையும் அழைத்து வாருங்கள், அவருக்கும் பார்க்க வேண்டும் என்றார். மலர்கொடி அன்றைக்கு ராத்திரி சோறு தின்னவில்லை. அவள் தின்னாததைப் பார்த்துத்தான் அரியமுத்து விஷயத்தைக் கேட்டு வாங்கினான்.

அப்போதே நல்லதம்பியை வரச்சொல்லிக் கேட்டான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் மச்சான்" என்றான். ரத்தம் கொடுத்தாயா என்று அடுத்த தடவை கேட்டபோதும் தரையைத்தான் பார்த்தான். அரியமுத்துவுக்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? லாரிக்காரன். நாலு ஊர் போகிறவன். அந்த வியாதிக்கென்று ஊசி போட்டும் அந்தக் கருவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. பிறகு அவள் கன்னங்களில், மூக்குத்தண்டோடு சேர்த்துச் சிவப்பாகத் தடித்தது. வெயிலில் இறங்கினால் எரிந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. வாயெல்லாம் புண். விரல்களை மடக்க முடியாமல் சோற்றைப் பிசைய இன்னொருவர் கையைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் அரியமுத்து மைத்துனன் கணக்கிலேயே எழுதினான்.

இதற்கு நடுவே நல்லதம்பியின் லாரியைச் சிறுவாச்சூர் ரோட்டோரம் பார்த்ததாகப் பெரம்பலூர் போய்வந்த ஒருவர் சொன்னார். சுண்ணாம்புக்கல் லாரிக்குச் சிறுவாச்சூரில் என்ன ஜோலி? அரியமுத்துவுக்கு விடை தெரிந்தே இருந்தது.

போன தீபாவளிக்கு, கால் வீங்கியவளைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்த பிறகு, நல்லதம்பி தானாகவே வீடு தேடி வந்தான். ரத்தத்தில் வேறு பரிசோதனைகள் எடுத்துப் பார்த்துவிட்டு இது லூபஸ் என்று டாக்டர் சொல்கிறார், மச்சான் என்றான். அரியமுத்து சிரித்துவிட்டான். வாய்விட்டே சிரித்தான். "பேர மாத்திட்டா ஊரு ஏமாந்துடுமா மாப்ள?" என்றான். முன்னால் வைத்த காப்பியைக் குடிக்காமலே நல்லதம்பி எழுந்து போனான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள்.

செல்லதுரை வந்தார். நல்லதம்பியின் பெரியப்பா, அந்தத் தெருவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். அரியமுத்துவின் தோளில் கை வைத்து, மனத்தாங்கல் எதுவாக இருந்தாலும் காரியம் முடிந்து பேசலாம், பிள்ளையை வெயிலில் போட்டிருக்கிறோம் என்று தணிவாகச் சொன்னார். அரியமுத்து எழுந்து நின்றான். தணிவாகப் பேச அவனுக்கு அன்றைக்கு வரவில்லை.

"மாப்ள இப்பவே அரியலூருக்கு வரட்டும். எந் தங்கச்சி ரத்தத்த எடுத்தாங்கள்ல, அதே எடத்துல அவரு ரத்தத்தயும் எடுக்கணும். என்னன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சப்பறம்தான் கோடி."

ரத்தம் என்றால் என்னவென்று அந்தப் பந்தலில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரி டிரைவர், மெலிந்து செத்த பொண்டாட்டி, ரத்தம். சுவர் சுவராக எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. நல்லதம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் துண்டை உதறுகிற சாக்கில் எழுந்து தள்ளிப்போனார்கள். அவன் தாய் கலியம்மாள் மகனைப் பார்த்த பார்வையில், அவளுக்குள்ளும் அந்தக் கேள்வி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

மறுப்பான், சண்டைக்கு வருவான், ஊரைக் கூட்டுவான் என்று எதிர்பார்த்து அரியமுத்து தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நல்லதம்பி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

"வாங்க மச்சான். சீக்கிரம் போயிட்டு வந்துடலாம். அவ ஈரத்தோட இருக்கா."

யாருடைய டி.வி.எஸ். ஐம்பதோ வாசலில் நின்றது. நல்லதம்பி ஓட்டினான், அரியமுத்து பின்னால் மஞ்சள் பையோடு உட்கார்ந்தான். சாலை நெடுகச் சுண்ணாம்புத் தூசி படிந்து கருவேலமரங்கள் வெளுத்திருந்தன. இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டான்? லேபில் ஆளை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பானோ? இறங்கியதும் இவனை முந்தவிடாமல் நாம் முதலில் உள்ளே போக வேண்டும் என்று அரியமுத்து தீர்மானித்துக்கொண்டான். போனான்.

அதே லேப். வாசலில் பச்சைத் திரை. அங்கே வேலை செய்கிற ஜெயசித்ரா என்ற பெண் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து முதலில் அரியமுத்துவைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் நல்லதம்பியைப் பார்த்தாள். முகம் மாறியது. பிடித்துவிட்டேன் என்று அரியமுத்து நினைத்தான்.

"திரும்பவும் வந்துட்டீங்களா சார்?" என்றாள் அவள், அலுப்பும் இரக்கமுமாக. "எத்தன தடவ எடுத்தாலும் அதே தான் சார் வரும். உங்களுக்கு ஒன்னும் இல்ல. இல்லாதத இருக்குன்னு நான் எழுதித் தர முடியாது."

அரியமுத்துவுக்குச் சட்டென்று புரியவில்லை. யார் எழுதித் தரச் சொன்னது என்று கேட்டான். கூட வந்தவர் வீட்டு ஆள்தானே, தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொல்லிவிட்ட ஜெயசித்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பாதியைச் சொன்னவள் மீதியை விழுங்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே அவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். சுத்தமாக வந்தது. ஒரு வாரம் கழித்து வந்து மறுபடியும் கொடுத்தார். அதுவும் சுத்தம். மூன்றாவது தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தந்துவிடுங்கள் அம்மா என்று இந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். தர முடியாது என்றதும் போய்விட்டார்.

அரியமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

இவன் ரத்தம் சுத்தம். அப்படியானால் அவள் ரத்தத்தில் வந்தது? மனது நிற்கச் சொன்னாலும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின கோடையில் சிந்தாமணி உடையார்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கி முந்திரி பொறுக்கப் போனாள். அங்கே அன்பழகன் என்று ஒரு பையன் அவளைச் சைக்கிளில் பஸ் ஏற்றிவிட வந்தான். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்துப் பேசிய அரியமுத்து, இப்போது அந்தப் பையனின் சட்டை நிறத்தைக்கூட நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவள் திரும்பி வந்த அன்றைக்கு ஏன் தலைக்குக் குளித்தாள்? கேவலம்தான். தங்கை குளிப்பாட்டிய ஈரத்தோடு வாசலில் கிடக்கிறாள், அண்ணன் அவள் என்றைக்கோ குளித்த குளியலுக்குக் காரணம் தேடுகிறான். மூன்று வருஷம் ஒருத்தன் மேல் பாய்ந்த சந்தேகம், அவன் விலகியதும் அடுத்தவர் மேல் பாய ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நல்லதம்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மச்சான். இதுக்குத்தான் சொல்லல."

அரியமுத்துவால் நிமிர முடியவில்லை.

"எனக்கு இல்லன்னு சொன்னா என்னைய நம்பிடுவீங்க. அவள நம்புவீங்களா? எங்க ஆத்தா அவளுக்கு ஒரு வாய் சோறு போட்டிருக்குமா? என்னையச் சொன்னா லாரிக்காரப்பயன்னு சொல்லிட்டுப் போவாங்க. இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன்."

"அப்பறம் அவளுக்கு எப்படி..." என்று ஆரம்பித்த அரியமுத்து கேள்வியை முடிக்காமல் விட்டான்.

நல்லதம்பி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். பாண்டிச்சேரி டாக்டர் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாராம். அதில் லூபஸ்போலக் காட்டுகிறது என்றாராம். ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன், நல்லபடியாக இருக்கிறவர்களிலேயே சிலருக்கு அது வரும் என்று இன்னும் இரண்டு மூன்று குப்பிகளில் ரத்தம் எடுத்து, அந்த வியாதிக்கே உரிய வேறு பரிசோதனைகளைப் பார்த்தாராம். மூத்திரத்தில் புரதம் போகிறதா என்றும் பார்த்தாராம். முகத்துச் சிவப்பு, மூட்டுவலி, வாய்ப்புண், தங்காத பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்த பிறகுதான் லூபஸ் என்றாராம். வெளியே இருந்து எதுவும் வரவில்லை, காவலுக்கு இருக்க வேண்டிய ரத்தமே உடம்பைத் தாக்குகிற வியாதி என்றாராம். சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னாராம்.

"நான் அரியலூர்ல எடுத்தத சொன்னேன். டாக்டரு சிரிக்கல, மச்சான். இந்த வியாதிக்காரங்களுக்கு அந்த டெஸ்ட் பொய்யா காட்டும்னாரு. அந்தக் கெட்ட வியாதிய மட்டும் பாக்குறதுக்குத் தனியா ஒன்னு இருக்காம், அதயும் எடுத்துப் பாத்தாங்க. அவளுக்கு அது இல்லவே இல்லன்னுட்டாங்க. வெளிய வந்து ஆஸ்பத்திரி படியில ஒக்காந்து அழுதா. மொத வேலையா அண்ணன்கிட்ட சொல்லிடுங்கன்னா."

சிரிக்கவில்லை என்று அவன் சொன்ன இடம் அரியமுத்துவின் நெஞ்சில் போய்த் தைத்தது. தீபாவளியன்று கூடத்தில் ஆறிக்கிடந்த காப்பி டம்ளர் கண்ணில் நின்றது.

நிஜமா என்பதுபோல் ஜெயசித்ராவைப் பார்த்தான். அந்தச் சோதனை சிலருக்குத் தப்பாகக் காட்டும் என்று தாங்களும் படித்திருக்கிறோம், உறுதி செய்கிற சோதனை அப்போது இங்கே இல்லை, வெளியே அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை என்றாள் அவள். பிறகு தன் பங்குக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதே பேச்சைத்தான் தீபாவளிக்கும் கேட்டான். அப்போது நம்பினால் மைத்துனன் தப்பித்துவிடுவான் என்று நம்பவில்லை. இப்போது நம்பாவிட்டால் தங்கையின் பேர் போய்விடும். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனையும் சேர்த்தே நம்பியாக வேண்டும். அவனை நம்பினால் இந்த மூன்று வருஷமும் தான் செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? அரியமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, அவள் மேல் ஒரு நிமிஷம் போய்வந்த தன் எண்ணத்தை நினைத்துப் பயமாக இருந்தது.

நல்லதம்பி சட்டைக் கையைச் சுருட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். "எடுங்கம்மா" என்றான்.

"வேணாம் மாப்ள."

"எடுக்கட்டும் மச்சான். ஊரே பாக்க வந்துருக்கோம். கண்ணால பாத்துடுங்க."

ஜெயசித்ரா ரப்பரைக் கட்டி ஊசியை இறக்கினாள். ரத்தம் ஏறுவதை அரியமுத்து பார்த்தான். எல்லோருடைய ரத்தத்தையும்போல் கருஞ்சிவப்பாக இருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் இருந்தால் தெரிந்துவிடும் என்றாள். அரியமுத்து அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

திரும்புகிற வழியில் ஊர் நெருங்கும்போது அரியமுத்துவே, காற்றில் பாதி போகும்படியாக, சிறுவாச்சூரில் வண்டி நின்றதாகச் சொன்னார்களே என்று கேட்டான். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"திங்கக்கெழம, வெள்ளிக்கெழமதான மச்சான் அங்க கோயில் தொறப்பாங்க" என்றான் நல்லதம்பி, திரும்பாமல்.

பந்தலில் கூட்டம் கூடியிருந்தது. இழவுக்கு வராதவர்கள்கூட சேதி கேட்டு வந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஒப்பாரி தானாக அடங்கியது. செல்லதுரை முன்னால் வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அரியமுத்துவிடம் கேட்டார்.

"என்னப்பா சொல்லுது ரத்தம்?"

நல்லதம்பி தரையைப் பார்த்தான். மூன்று வருஷமாகப் பார்த்த அதே பார்வை. நீங்கள் என்ன சொன்னாலும் சரி என்கிற பார்வை அது என்று அரியமுத்துவுக்கு இப்போதுதான் படிக்கத் தெரிந்தது. சுத்தம் என்று சொன்னால் இத்தனை கண்ணும் மறைப்புச் சேலைக்குப் பின்னால் கிடக்கிறவள் மேல் போகும். பேசாமல் இருந்தால் இவன் மேலேயே நிற்கும். பேசாமல் இருந்துவிடலாம், இவன் பழகிக்கொண்டவன்தானே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"ரெண்டு பேரு ரத்தமும் சுத்தம்" என்றான். இன்னும் உரக்கச் சொன்னான். "எந் தங்கச்சிக்கு வந்தது லூபஸு. அவ மேலயும் தப்பு இல்ல, மாப்ள மேலயும் தப்பு இல்ல. நான்தான் தெரியாம நின்னுட்டேன்."

பின்வரிசையிலிருந்து, யார் என்று தெரியவில்லை, மெல்லிய சிரிப்போடு ஒரு குரல் வந்தது.

"பேர மாத்திட்டாங்க."

அரியமுத்து திரும்பவில்லை. திரும்பி யாரை அடிக்க? அது அவன் விட்ட வார்த்தை. ஊரைச் சுற்றிவிட்டுச் சரியான வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மறைப்பை விலக்கினார்கள். சிந்தாமணியின் முகத்தில் பெண்கள் மஞ்சளை அப்பியிருந்தார்கள். அப்படியும் கன்னத்துச் சிவப்பு முழுக்க மறையவில்லை. அரியமுத்து பையிலிருந்து சேலையை எடுத்து உதறிப் பிரித்தான். ஒருவனாகப் போர்த்த முடியாமல் நீளம் இழுத்தது. "மாப்ள, அந்தப் பக்கம் புடிங்க" என்றான். கோடியைப் புருஷன் பிடிக்கிற வழக்கமில்லை என்று யாரோ முனகினார்கள். நல்லதம்பி தயங்கினான். அரியமுத்து மறு தலைப்பை அவன் பக்கம் நீட்டியபடியே நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து போர்த்தினார்கள். கலியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பறை எழுந்தது. கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன் என்று நல்லதம்பியைச் சட்டையைக் கழற்றி முற்றத்தில் உட்கார வைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு ஊறி நழுவிச் சேற்றில் விழுந்தது. பாடை தூக்குகிறவர்களின் கால்கள் அதன் பக்கத்தில் வந்துவிட்டன. அரியமுத்து குனிந்து அதை எடுத்தான். நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு கரையாமல் இருந்தது. தண்ணீரைப் பிழிந்துவிட்டு, காலியான மஞ்சள் பைக்குள் அதைப் போட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுக்கப் போனான்.